அத்தியாயம் 6: புறச்சாதன இயக்கிகள் – எந்த நிரல் எங்கே இருக்க வேண்டும்?

லினக்ஸ் கர்னல் என்பது கணினியின் மையச் செயலி, நினைவகம், புறச்சாதனங்கள் ஆகியவற்றை நேரடியாக ஆளும் உரிமை பெற்ற, இயங்குதளத்தின் உட்கருவாகும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இதன் மூலநிரல் இன்று குனு பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்படி எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கிடைக்கிறது. அந்த மூலநிரலில் பாதிக்கும் மேற்பட்ட வரிகள் இயக்கிகளே. இயக்கி என்பது ஒரு குறிப்பிட்ட சாதனத்தின் பேச்சைக் கர்னல் வகுத்த பொதுப்பேச்சுக்கு மாற்றித் தரும் நிரலாகும். விசைப்பலகை, வலைப்பின்னல் அட்டை, வெப்ப உணரி என ஒவ்வொன்றின் பின்னும் அப்படி ஒரு நிரல் நிற்கிறது.

இயக்கி எழுதப் பழகுவோர் பெரும்பாலும் சாதனத்தை இயங்கச் செய்வதோடு பணி முடிந்தது எனக் கொள்கின்றனர். ஆனால் இயங்கும் நிரலும் ஒழுங்குற அமைந்த நிரலும் ஒன்றல்ல. முதலாவது இன்றைய பலகையில் இன்றைய கர்னலோடு ஓடுகிறது. இரண்டாவது பலகை மாறினாலும், கர்னல் வளர்ந்தாலும், எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டாலும் நிலைக்கிறது. அத்தகைய ஒழுங்குக்கு அடிப்படையான கேள்வி ஒன்றே: இந்த வரி நாளை எந்தக் காரணத்தால் மாறும், அதை யார் மாற்றுவார்? வெவ்வேறு காரணங்களால் மாறக்கூடியவை வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் விளக்கும் விதி. கர்னலின் கோப்புறைகளும் கோப்புகளும் மூலநிரலில் ஆங்கிலப் பெயர் தாங்கியவை. இங்கு அவை ஒலிப்படியே எழுதப்படுகின்றன.

6.1 எடுத்துக்காட்டு: ஒரு முட்டைக்கோழிக் கொட்டகை

சேலம், நாமக்கல் சமவெளியில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிச் செல்வதுண்டு. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லாததால் அது மூச்சிரைத்தே உடற்சூட்டை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரம் மிகுந்துவிட்டால் அந்த வழியும் அடைபடுகிறது. கொட்டகையைக் குளிர்விக்க நீர்த்திவலை தெளிக்கும் ஃபாகர்களை ஓட்டினால் வெப்பம் குறைகிறது, ஈரம் கூடுகிறது. எனவே வெப்பநிலையை மட்டும் பார்த்து ஃபாகரை ஓட்டும் கருவி, கோழிக்கு நன்மை செய்வதாக எண்ணித் தீங்கு செய்துவிடக்கூடும். இரண்டையும் சேர்த்து அளந்து முடிவெடுக்கும் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவியை இந்த வட்டாரத்துப் பொறியியல் மாணவர் ஒருவர் அமைப்பதாகக் கொள்ளலாம்.

அக்கருவியின் மையம் ராஸ்பெரி பை போன்ற, லினக்ஸ் ஓடும் ஒரு சிறு கணினிப் பலகை. அதனோடு நான்கு சாதனங்கள் இணைகின்றன. முதலாவது, வெப்பநிலை, ஒப்பு ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகிய மூன்றையும் அளக்கும், பாஷ் நிறுவனத்தின் பிஎம்இ280 உணரி. இரண்டாவது, தீவனத் தொட்டியின் அடியில் எடையை உணரும் லோடு செல்லின் நுண்ணிய மின்னழுத்தத்தை 24 பிட் எண்ணாக மாற்றித் தரும், ஏவியா நிறுவனத்தின் எச்எக்ஸ்711 சில்லு. மூன்றாவது, மின்விசிறிகளையும் ஃபாகர் பம்பையும் கான்டாக்டர் வழியாக இயக்கும் ரிலேக்கள். நான்காவது, ஆர்எஸ்-485 கம்பிவழியே மோட்பஸ் நெறிமுறையில் பேசும் மின்மானி. இந்த நான்கில் இரண்டுக்குக் கர்னலிலேயே இயக்கிகள் உள்ளன. மற்ற இரண்டுக்குத் தனி இயக்கி எழுதவே கூடாது. அதற்கான காரணம் பின்வரும் பகுதிகளில் தெளிவாகும்.

6.2 மூவகை உண்மைகள்

மேற்கண்ட கருவியைப் பற்றி எழுதக்கூடிய ஒவ்வொரு கூற்றும் மூன்று வகைகளுள் ஒன்றில் அடங்கும்.

முதல் வகை, சில்லின் உண்மை. "எச்எக்ஸ்711க்கு 25 கடிகாரத் துடிப்புகள் கொடுத்தால் அடுத்த அளவீடு அ வாயிலில் 128 மடங்குப் பெருக்கத்தில் அமையும், 26 கொடுத்தால் ஆ வாயிலில் 32 மடங்கு, 27 கொடுத்தால் அ வாயிலில் 64 மடங்கு" என்பது அத்தகையது. இது நாமக்கல்லிலும் நார்வேயிலும் ஒன்றே. சில்லைச் செய்தவர் மாற்றினாலன்றி மாறாது. இதன் இடம் இயக்கி.

இரண்டாம் வகை, பலகையின் உண்மை. "எச்எக்ஸ்711இன் கடிகாரக் கம்பி 17ஆம் முனையிலும் தரவுக் கம்பி 27ஆம் முனையிலும் இணைந்துள்ளன, சில்லுக்கு 5 வோல்ட் மின்சாரம் தரப்படுகிறது" என்பது அத்தகையது. இதை மாற்றுபவர் பலகையை வடிவமைப்பவர் அல்லது கம்பி இணைப்பவர். இதன் இடம் சாதன மரம் எனப்படும் தனிக் கோப்பு.

மூன்றாம் வகை, பண்ணையின் உண்மை. "வெப்பநிலை 32 டிகிரியைத் தாண்டினால் விசிறிகள் ஓட வேண்டும், ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் ஃபாகர் நிற்க வேண்டும்" என்பது அத்தகையது. கோழியின் வயது, இனம், பருவம், பண்ணையாளரின் அனுபவம், கால்நடை மருத்துவரின் அறிவுரை ஆகியவற்றுக்கேற்ப இது நாள்தோறும்கூட மாறலாம். இதன் இடம் பயனர் வெளி, அதாவது கர்னலுக்கு வெளியே சாதாரண உரிமைகளோடு ஓடும் செயலி.

பயிற்சித் திட்டங்களில் காணப்படும் பெரும்பாலான குறைகள் இம்மூன்றையும் ஒரே கோப்பில் கலப்பதால் விளைபவை. முனை எண்ணை இயக்கிக்குள் எழுதிவிட்டால் அடுத்த கொட்டகைக்கு வேறு கோப்பு தேவைப்படுகிறது. 32 டிகிரி என்பதையும் இயக்கிக்குள் எழுதிவிட்டால் ஒவ்வொரு கோடைக்கும் கர்னலைக் கட்டவேண்டியதாகிறது. பத்துக் கொட்டகைகள் சேர்ந்த பண்ணையில் பத்து வெவ்வேறு இயக்கிகள் உருவாகி, ஒன்றில் திருத்திய பிழை மற்ற ஒன்பதிலும் அப்படியே தங்கிவிடுகிறது.

6.3 செயல்வகையே முகவரி

கர்னலின் மூலமரத்தில் டிரைவர்ஸ் என்ற கோப்புறைக்குள் இயக்கிகள் அடுக்கப்பட்டுள்ளன. புதிதாக வருவோர் அங்கே பாஷ், ஏவியா என உற்பத்தியாளர் பெயர்களில் கோப்புறைகளைத் தேடி ஏமாறுவதுண்டு. வலைப்பின்னல் அட்டைகள் போன்ற சில பகுதிகளில் உள்ளடுக்காக நிறுவனப் பெயர்கள் இருப்பினும், முதல் அடுக்கில் பெரும்பாலும் சாதனம் செய்யும் வேலையே பெயராக நிற்கிறது: உள்ளீட்டுச் சாதனங்களுக்கு இன்புட், வலைப்பின்னலுக்கு நெட், பொதுப்பயன் முனைகளுக்கு ஜிபிஐஓ, கணினி தன் உடல்நிலையைத் தானே கண்காணிக்க எச்டபிள்யூமான், வெளியுலகை அளக்கும் உணரிகளுக்கு ஐஐஓ. ஐ2சி என்னும் ஒரே பொதுக்கம்பியில் தொங்கும் தொடுதிரையும் வெப்ப உணரியும் இருவேறு கோப்புறைகளில் இருப்பது இதனாலேயே. கம்பி பொதுவாயினும் அவற்றைப் பயன்படுத்தும் செயலிகள் எதிர்பார்ப்பவை வேறு.

வேலைவாரியாக அடுக்குவதன் பயன் பொது மையநிரலில் தெரிகிறது. ஐஐஓ துணை அமைப்பில் சேரும் ஒவ்வோர் இயக்கியும் "என்னிடம் வெப்பநிலை வாயில் ஒன்று, ஈரப்பத வாயில் ஒன்று" என்று மட்டும் அறிவிக்கிறது. அவற்றைப் பயனர் வெளிக்குக் கோப்புகளாகக் காட்டுவதையும், பெயரிடுவதையும், தேவைப்படும்போது இடைத்தாங்கியில் சேர்ப்பதையும் மையநிரலே செய்கிறது. அலகுகளும் அங்கேயே வகுக்கப்பட்டுவிட்டன: வெப்பநிலை மில்லி டிகிரி செல்சியஸிலும், ஈரப்பதம் மில்லி சதவீதத்திலும், அழுத்தம் கிலோபாஸ்கலிலும் தரப்பட வேண்டும். பிஎம்இ280ஐ எடுத்துவிட்டு வேறு நிறுவனத்தின் உணரியைப் பொருத்தினாலும், 31500 என்ற எண் 31.5 டிகிரியையே குறிக்கும்.

இவ்வொழுங்கு ஒரே நாளில் அமைந்ததன்று என்பதற்கு பாஷ் அழுத்த உணரிகளின் வரலாறே சான்று. பிஎம்பி085 என்ற பழைய உணரியின் இயக்கி 2010இல் மிஸ்க், அதாவது "இதர" என்ற கோப்புறையில் சேர்ந்தது. அப்போது உணரிகளுக்கான ஐஐஓ அமைப்பே முழுமை பெறவில்லை. அந்த ஐஐஓவும் தரம் எட்டாத நிரல்களைத் தற்காலிகமாக வைத்துப் பண்படுத்துவதற்கென 2008இல் உருவான ஸ்டேஜிங் கோப்புறையில் 2009இல் நுழைந்து, அதன் மையநிரல் 2012இல் தகுதிபெற்று வெளிவந்தது. 2014இல் அதே குடும்பத்துப் பிஎம்பி280க்கு எழுதப்பட்ட இயக்கி ஐஐஓவின் பிரஷர் கோப்புறையில் அமைந்தது. 2016இல் அந்த இயக்கியே பழைய பிஎம்பி085ஐயும் ஆளும் திறன் பெற்றதால், மிஸ்க்கில் இருந்த பழைய கோப்புகள் நீக்கப்பட்டன. ஒரே குடும்பத்துச் சில்லுகளுக்கு ஒரே இயக்கி, அதுவும் அதன் வேலைக்குரிய இடத்தில் என்ற நிலை அவ்வாறு வந்தது. மிஸ்க் கோப்புறை தவறானதன்று; ஆனால் வேறெங்கும் பொருந்தாது என நிறுவப்பட்ட பின்னரே அதை நாட வேண்டும்.

இதில் நினைவிற்கொள்ள வேண்டிய ஒரு நுட்பமும் உண்டு. கொட்டகைக்கு ஈரப்பத உணரி தேடும் மாணவர் ஐஐஓவின் ஹியூமிடிட்டி கோப்புறையைத் திறந்தால் டிஎச்டி11 போன்றவற்றின் இயக்கிகள் கிடைக்கும், பிஎம்இ280 கிடைக்காது. ஈரப்பதம் அளக்கும் அச்சில்லு அழுத்த உணரிகளின் குடும்பத்தில் பிறந்து, அவற்றின் பதிவக அமைப்பைப் பெருமளவு பகிர்வதால், பிரஷர் கோப்புறையில் தன் உடன்பிறப்புகளோடு இருக்கிறது. பதிவகம் என்பது சில்லுக்குள் எண் ஒன்றை எழுதவோ படிக்கவோ உதவும் சிறு நினைவிடம். ஆகவே புதிய இயக்கி எழுதும் முன், சில்லின் பெயரை மூலமரம் முழுவதிலும் தேடிப்பார்ப்பது முதற்கடமை. ஏற்கனவே உள்ள இயக்கியில் சில வரிகள் சேர்ப்பதே பல நேரங்களில் போதுமானது.

6.4 ஒரு சில்லு, இரு கம்பிவழிகள்

பிஎம்இ280 சில்லை ஐ2சி வழியாகவும் எஸ்பிஐ வழியாகவும் இணைக்கலாம். இவை இரண்டும் பஸ் எனப்படும் பொதுத்தடங்கள்: முன்னது இரு கம்பிகளில் முகவரி சொல்லி அழைப்பது, பின்னது கூடுதல் கம்பிகளைக் கொண்டு ஒவ்வொரு சில்லையும் தனிக் கம்பியால் தேர்ந்தெடுப்பது. 2014இல் ஐ2சிக்கு மட்டுமாக ஒரே கோப்பில் எழுதப்பட்ட, இன்று பிஎம்இ280ஐயும் ஆளும் பிஎம்பி280 இயக்கி, 2016இல் எஸ்பிஐ ஆதரவும் வேண்டியிருந்தபோது தர்க்கமுறைப்படி பிரிக்கப்பட்டது. அப்பிரிவு மாணவர்கள் வரிவரியாகப் படிக்கத்தக்க பாடமாகும்.

பிஎம்பி280-கோர் என்ற கோப்பில் அளவீட்டு அறிவு முழுதும் உள்ளது: சில்லின் அடையாள எண்ணைப் படித்து அது எந்த உடன்பிறப்பு என அறிதல், ஆலையில் பதிக்கப்பட்ட ஈடுசெய் மதிப்புகளைக் கொண்டு வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றைக் கணக்கிடல், ஐஐஓவில் பதிவுசெய்தல். பிஎம்பி280-ரெஜ்மேப் என்ற கோப்பு எந்தப் பதிவகத்தில் எழுதலாம், எது தானே மாறிக்கொண்டிருப்பது எனப் பட்டியலிடுகிறது. ஐ2சி, எஸ்பிஐ என முடியும் மற்ற இரு கோப்புகள் மிகச் சிறியவை. தத்தம் தடத்தில் சாதனத்தைப் பெற்று மையநிரலிடம் ஒப்படைப்பதே அவற்றின் வேலை. எஸ்பிஐயில் எழுதும்போது பதிவக முகவரியின் உச்சப் பிட்டைச் சுழியமாக்க வேண்டும் என்ற விதி எஸ்பிஐ கோப்பிலேயே அடங்கிவிடுகிறது; மையநிரலுக்கு அது தெரியவே தெரியாது.

இடையில் பாலமாக நிற்பது ரெஜ்மேப் என்னும் கர்னல் வசதி. 2011இல் கர்னலில் சேர்ந்த இது, "இந்தப் பதிவகத்தைப் படி, அந்தப் பதிவகத்தில் எழுது" என்ற கட்டளைகளைத் தடம் எதுவாயினும் ஒரே வடிவில் தருகிறது. மாறாத பதிவகங்களின் மதிப்பை நினைவில் வைத்துக்கொண்டு வீண் போக்குவரத்தையும் தவிர்க்க வல்லது. இரு தடங்களில் இணையும் சில்லு கையில் கிடைத்தால், இன்று ஒன்று மட்டுமே தேவை என்றாலும், மையநிரலை ரெஜ்மேப் மீது எழுதிவைப்பது நல்லது. ஆயினும் இரண்டாவது தடத்துக்கான கோப்பை அதைச் சோதிக்கும் வன்பொருள் இல்லாமல் எழுதக் கூடாது. சோதிக்கப்படாத நிரல் பராமரிப்பாளருக்குச் சுமையே.

6.5 நேரம் தவறினால் பொய்க்கும் அளவு

எச்எக்ஸ்711 ஐ2சியிலும் பேசாது, எஸ்பிஐயிலும் பேசாது. கடிகாரக் கம்பியை மேலும் கீழுமாக ஆட்டி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தரவுக் கம்பியிலிருந்து ஒரு பிட்டைப் படிக்க வேண்டும். எளிமையாகத் தோன்றும் இதில் ஒரு கண்ணி உள்ளது: கடிகாரக் கம்பி 60 மைக்ரோ வினாடிக்கு மேல் உயர்நிலையில் நின்றால் சில்லு உறங்கச் செல்கிறது, அந்தச் சுற்றின் அளவு பொய்க்கிறது. பயனர் வெளியில் ஓடும் பைத்தான் நிரல் இதைச் செய்யும்போது, கர்னல் அந்நிரலை இடையில் நிறுத்தி வேறு வேலையைக் கவனிக்கச் சென்றுவிட்டால் 60 மைக்ரோ வினாடி எளிதில் கடந்துவிடும். தீவனத் தொட்டியின் எடை திடீரெனத் தாவுவதுபோல் திரையில் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

2017இல் கர்னலில் சேர்ந்த எச்எக்ஸ்711 இயக்கி, கம்பி உயர்நிலையில் இருக்கும் அச்சிறு பொழுதுக்கு மட்டும் குறுக்கீடுகளைத் தடுத்துவைக்கிறது. குறுக்கீடு என்பது ஒரு சாதனம் மையச் செயலியின் கவனத்தை உடனே தன்பால் இழுக்கும் அழைப்பு. இயக்கி கர்னலுக்குள் இருக்க வேண்டியதன் நியாயம் இங்கே தெளிவாகிறது: நேரக் கட்டுப்பாடு சில்லின் உண்மை, அதைக் காக்கும் அதிகாரம் கர்னலுக்கே உண்டு. அதேசமயம் 24 பிட்டுகள் முழுதும் படித்து முடியும்வரை குறுக்கீடுகளைத் தடுப்பது மற்றச் சாதனங்களுக்கு இழைக்கும் அநீதி. ஒவ்வொரு துடிப்புக்கும் தனித்தனியே தடுத்து விடுவிப்பதே முறை.

அந்த இயக்கி எதைச் செய்யவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அது எடையைச் சொல்வதில்லை. லோடு செல் தரும் மின்னழுத்தத்தின் எண்ணையும் அதை அலகாக்கும் பெருக்கியையும் மட்டுமே தருகிறது. எந்த லோடு செல், எத்தனை கிலோ தாங்குவது, வெறுந்தொட்டியின் எடை என்ன என்பன சில்லுக்குத் தெரியாதவை. ஆகவே இயக்கிக்கும் தெரியக் கூடாதவை.

6.6 சாதன மரம்: கம்பிகளின் வரைபடம்

யுஎஸ்பி சாதனம் செருகப்பட்டவுடன் தன் பெயரைத் தானே சொல்கிறது. ஐ2சி, எஸ்பிஐ, பொதுமுனை ஆகியவற்றில் தொங்கும் சில்லுகளுக்கு அவ்வழக்கம் இல்லை. எந்த முகவரியில் யார் இருக்கிறார் என்பதைக் கர்னலுக்கு வேறொருவர் சொல்ல வேண்டும். ஆர்ம் செயலிப் பலகைகளில் நெடுங்காலம் அது சி மொழியிலேயே, பலகைக்கொரு கோப்பாக, கர்னலுக்குள் எழுதப்பட்டுவந்தது. பலகைகள் பெருகப் பெருக அக்கோப்புகளும் பெருகி, ஒவ்வொரு பதிப்பிலும் ஓயாத மாற்றங்களைக் கொண்டுவந்தன. 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இந்நிலையை வெளிப்படையாகக் கண்டித்தார். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில், பவர்பிசி கணினிகளில் முன்பே வழக்கிலிருந்த சாதன மரம் ஆர்ம் உலகிலும் வேரூன்றியது; முனைகள், கடிகாரங்கள் போன்றவற்றின் நிரல்களும் பலகைக் கோப்புறைகளிலிருந்து டிரைவர்ஸின் பொதுத் துணை அமைப்புகளுக்கு இடம்பெயர்ந்தன. பலகையின் உண்மையைச் சில்லின் உண்மையிலிருந்து பிரித்ததே அச்சீர்திருத்தத்தின் சாரம்.

சாதன மரத்தில் எச்எக்ஸ்711க்கான கணு, "ஏவியா, எச்எக்ஸ்711" என்ற பொருத்தப் பெயரையும், கடிகார முனை, தரவு முனை ஆகியவற்றின் எண்களையும், மின்வழங்கி எது என்பதையும் மட்டுமே கொண்டிருக்கும். இயக்கியில் அதே பொருத்தப் பெயர் கொண்ட அட்டவணை இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் கர்னல் இயக்கியின் ப்ரோப் என்னும் தொடக்கச் செயற்கூற்றை அழைக்கிறது. கம்பியை வேறு முனைக்கு மாற்றினால் மரத்தில் ஓர் எண் மாறும், இயக்கியின் ஓர் எழுத்தும் மாறாது. மின்வழங்கியின் அழுத்தம் 5 வோல்ட்டா, 3.3 வோல்ட்டா என்பதையும் இயக்கி மரத்தின் வழியே கேட்டறிந்து பெருக்கியைக் கணக்கிடுகிறது.

எந்தக் கணுவில் என்னென்ன பண்புகள் வரலாம் என்பது பைண்டிங் எனப்படும் விதிக்கோப்பில், யாம்ல் வடிவில் எழுதப்படுகிறது; கருவிகள் அதைக்கொண்டு மரத்தைத் தாமே சரிபார்க்கின்றன. அவ்விதிக்கோப்பில் வன்பொருளை மட்டுமே விவரிக்க வேண்டும். "இரண்டு வினாடிக்கு ஒருமுறை படி" என்பது போன்ற கொள்கை முடிவு அதில் நுழைந்தால் பராமரிப்பாளர் திருப்பி அனுப்புவது உறுதி.

6.7 இயக்கியைச் சூழ்ந்த கோப்புகள்

ஓர் இயக்கி தனிக்கோப்பாக வாழ்வதில்லை. முதலில், கேகான்ஃபிக் என்ற தெரிவுக் கோப்பில் அதற்கொரு பதிவு வேண்டும். இயக்கியைக் கர்னலுக்குள்ளேயே சேர்ப்பதா, தேவைப்படும்போது ஏற்றும் தனிக்கூறாக வைப்பதா, விட்டுவிடுவதா எனக் கர்னலைக் கட்டுபவர் தேர்வது இங்கேதான். பிஎம்பி280இல் பயனரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே. ஐ2சி இருந்தால் ஐ2சி கோப்பும், எஸ்பிஐ இருந்தால் எஸ்பிஐ கோப்பும் மறைவாகத் தாமே தேர்வாகின்றன. அடுத்து, அதே கோப்புறையின் மேக்ஃபைலில் அகர வரிசை பிறழாமல் ஒரு வரி. மூன்றாவதாக, மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பில், இவ்வியக்கியைக் கவனித்துக்கொள்பவர் யார் என்ற பதிவு. பொறுப்பேற்க ஆளில்லாத நிரலை ஏற்கப் பராமரிப்பாளர்கள் தயங்குவர். நான்காவதாக, ஒவ்வொரு மூலக்கோப்பின் முதல் வரியிலும் உரிம அடையாளம். 2017 முதல் கர்னல் முழுவதும் இந்த ஒருவரி வடிவம் பரவியுள்ளது.

கோப்புக்குள்ளும் ஓர் ஒழுங்கு வழக்கில் உள்ளது: பதிவகப் பெயர்கள், சாதனத்தின் நிலையைத் தாங்கும் அமைப்பு, வன்பொருளோடு பேசும் சிறு செயற்கூறுகள், துணை அமைப்புக்குத் தரப்படும் செயற்கூறுகள், ப்ரோப், பொருத்த அட்டவணை, இறுதியில் பதிவு. சாதனத்தின் நிலையைக் கோப்பளாவிய பொது மாறியில் வைக்காமல், சாதனத்துக்கொன்றாகப் பெறும் அமைப்பில் வைக்க வேண்டும். இல்லையெனில் இரண்டாவது தீவனத் தொட்டிக்கு இரண்டாவது எச்எக்ஸ்711 பொருத்தும் நாளில் இரண்டின் எடைகளும் ஒன்றோடொன்று குழம்பும். நினைவகம், முனை, குறுக்கீடு முதலியவற்றைப் பெற டெவ்எம் என்னும் முன்னொட்டுடைய செயற்கூறுகளைப் பயன்படுத்தினால், சாதனம் விலகும்போது அவை பெற்ற வரிசைக்கு எதிர்வரிசையில் தாமே விடுவிக்கப்படுகின்றன. ப்ரோப் பாதியில் தோற்றாலும் கசிவு ஏற்படுவதில்லை.

ஆக்கத்தை மூலமரத்துக்கு அனுப்பும்போது ஒரு திருத்தத்தில் ஒரு காரியமே இருக்க வேண்டும்: முதலில் பைண்டிங், அடுத்து இயக்கி, அதன்பின் பலகையின் மரம். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் கர்னல் பிழையின்றிக் கட்டப்பட வேண்டும்.

6.8 கர்னலுக்குள் வரக் கூடாதவை

ரிலேவுக்கு இயக்கி எழுத வேண்டியதில்லை. அது ஒரு முனையின் உயர்நிலை, தாழ்நிலை மட்டுமே. 2016 முதல் கர்னல் தரும் ஜிபிஐஓ எழுத்துவகைச் சாதனத்தின் வழியே பயனர் செயலி அதை நேரே ஆளலாம். மின்மானிக்கும் தனி இயக்கி தேவையில்லை. ஆர்எஸ்-485 கம்பியில் பைட்டுகளை அனுப்புவதும் பெறுவதும் தொடர்முனை இயக்கியின் வேலை. அப்பைட்டுகளுக்கு மோட்பஸ் பொருள் கற்பிப்பது பயனர் நூலகத்தின் வேலை. மானியை மாற்றினால் பதிவக எண்கள் மாறும். அதற்காகக் கர்னலைத் தொடுவது முறையன்று.

விசிறி எப்போது ஓட வேண்டும் என்ற முடிவு முற்றிலும் பண்ணையின் உண்மை. 32 டிகிரியில் ஓடத் தொடங்கி 32இலேயே நின்றால் கான்டாக்டர் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். ஆதலால் 32இல் தொடங்கி 30இல் நிறுத்தும் இடைவெளி வேண்டும். அவ்விடைவெளி எத்தனை டிகிரி என்பதைப் பண்ணையாளர் கைப்பேசியிலிருந்தே மாற்ற விரும்புவார். கர்னலுக்குள் நேரும் ஒரு பிழை கருவி முழுவதையும் நிறுத்தக்கூடும். பயனர் செயலியில் நேரும் பிழையோ அச்செயலியை மட்டும் நிறுத்தும், கண்காணிப்பு அமைப்பு அதை மீண்டும் தொடக்கிவிடும். உச்சி வெயிலில் விசிறி நின்றால் உயிரிழப்பு நேரும் கொட்டகையில் இவ்வேறுபாடு சிறியதன்று.

6.9 மூலமரத்துக்கு வெளியே வாழும் நிரல்

இயக்கியை மூலமரத்தில் சேர்க்காமல் தனியே வைத்துக்கொள்வதும் இயலும். சிறு நிறுவனங்கள் பல அவ்வாறே தொடங்குகின்றன. ஆனால் லினக்ஸ் பயனர் வெளிக்குத் தரும் இடைமுகத்தையே உடையாமல் காக்கிறது. கர்னலின் உள் இடைமுகங்களுக்கு அத்தகைய உறுதி இல்லை. 2023இல் வெளிவந்த 6.3 பதிப்பில் ஐ2சி இயக்கிகளின் ப்ரோப் செயற்கூறு ஏற்கும் அளபுருக்கள் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தன, அடுத்த 6.4 பதிப்பில் சாதன வகுப்பை உருவாக்கும் செயற்கூறு தன் முதல் அளபுருவை இழந்தது. மூலமரத்துக்குள் இருந்த இயக்கிகள் அனைத்தையும் மாற்றம் செய்தவர்களே திருத்தினர்; வெளியே இருந்தவை கட்டும்போதே பிழை காட்டி நின்றன. பழைய பாடநூல்களிலிருந்து எழுத்துவகை இயக்கியைப் பெயர்த்தெழுதும் மாணவர்கள் இன்று முதலில் சந்திக்கும் பிழைகளுள் இந்த இரண்டாவது மாற்றத்தால் எழுவதும் ஒன்று.

6.10 சரிபார்ப்பும் பயிற்சியும்

இயக்கி எழுதத் தொடங்கும் முன் பின்வருவனவற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

1. சில்லின் பெயரும் அதன் உடன்பிறப்புகளின் பெயர்களும் மூலமரத்தில் ஏற்கனவே உள்ளனவா?
2. சாதனத்தின் வேலைக்குரிய துணை அமைப்பு எது? மிஸ்க் என்பது விடையாயின், அதற்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல இயலுமா?
3. தடத்தைச் சார்ந்த வரிகள் அளவீட்டு வரிகளோடு கலந்துள்ளனவா?
4. முனை எண்ணோ முகவரியோ இயக்கிக்குள் எங்கேனும் எழுதப்பட்டுள்ளதா?
5. பண்ணையாளரோ ஆலை மேலாளரோ மாற்ற விரும்பக்கூடிய எண் ஏதேனும் கர்னலுக்குள் உள்ளதா?

பயிற்சி: சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கின் விலை மாவுச்சத்தின் அளவான "பாயின்ட்" கணக்கில் அமைகிறது, கிழங்கைக் காற்றிலும் நீரிலும் எடையிட்டு அதன் அடர்த்தியிலிருந்து மாவுச்சத்தை மதிப்பிடலாம். அத்தகைய எடைமானி ஒன்றை எச்எக்ஸ்711 கொண்டு அமைப்பதாகக் கொண்டு, பின்வரும் மாற்றங்கள் எங்கே செய்யப்பட வேண்டும் எனக் கூறுக: (அ) 5 கிலோ லோடு செல்லுக்குப் பதில் 20 கிலோ லோடு செல்; (ஆ) 5 வோல்ட்டுக்குப் பதில் 3.3 வோல்ட் மின்வழங்கி; (இ) பாயின்ட் கணக்கிடும் சூத்திரத்தில் திருத்தம்.

விடைக்குறிப்பு: (அ), (இ) இரண்டும் பயனர் செயலியில், (ஆ) சாதன மரத்தில். லோடு செல்லையும் வன்பொருளாகக் கருதி (அ)வுக்கு இயக்கியை நாடுவோர் 6.5ஆம் பகுதியின் கடைசிப் பத்தியை மீண்டும் படிக்க வேண்டும். தீவனத் தொட்டியில் பயன்பட்ட இயக்கிக் கோப்பு ஓர் எழுத்தும் மாறாமல் கிழங்குத் தராசுக்கும் பயன்படுகிறது. கோழியையோ கிழங்கையோ பற்றி அக்கோப்பில் ஒரு சொல்லும் இல்லாததே அதற்குக் காரணம்.